கூரையைத் தாண்டிய சுவரும் கூரைக்குக் கீழே நின்ற சுவரும்

பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கின் பழைய குடியிருப்புகளில், அடுத்தடுத்த இரு வீடுகளைப் பிரிக்கும் சுவர் இரண்டு விதமாகக் கட்டப்பட்டு வந்தது. ஈப்போ பழைய நகரின் கடைவீடுகளில் அது செங்கல்லால் ஆனது. தரையிலிருந்து எழுந்து, மாடியைக் கடந்து, ஓட்டுக் கூரையையும் ஊடுருவி, அதற்கு மேலும் முழங்கை அளவு உயர்ந்து நிற்பது. அந்நகரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளில், அது பலகையால் ஆனது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே சென்றதும் நின்றுவிடுவது. அதற்கு மேல் ஒரே கூரையின் இருட்டு, முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை தடையின்றி நீண்டு கிடந்தது. ஒரே காலத்தில், ஒரே ஆட்சியின் கீழ் எழுந்த இவ்விரு சுவர்களுக்கும் இடையிலான வேறுபாடு, தீயைப் பற்றிய அறியாமையால் வந்ததன்று. தீயை எப்படித் தடுப்பது என்பது அப்போது தெரிந்தே இருந்தது. யாருடைய உடைமையை யாருடைய தீயிலிருந்து காப்பது என்ற கேள்விக்கான விடைதான் நகரத்தில் ஒன்றாகவும் தோட்டத்தில் வேறாகவும் இருந்தது.

தீத்தடுப்புச் சுவர் என்பது ஒரு பக்கத்தில் பற்றிய தீயைக் குறிப்பிட்ட நேரம் வரை மறுபக்கத்துக்கு விடாமல் தாங்கும் சுவர். அதற்கு மூன்று தகுதிகள் வேண்டும் என்பது இன்றைய பொறியியல் வழக்கு: தீயில் நிற்கும்போது சாயாமல் இருக்க வேண்டும், வெடிப்பு வழியாகவோ துளை வழியாகவோ சுவாலையையும் சூடான புகையையும் கசிய விடாமல் இருக்க வேண்டும், மறுபக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் பாயோ மரப்பெட்டியோ தானாகப் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறாமல் இருக்க வேண்டும். ஒரு செங்கல் பருமனுள்ள, அதாவது ஒன்பது அங்குலச் சுவர் இந்த மூன்றிலும் பல மணி நேரம் தேறும். அரைச் செங்கல் சுவரே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாங்கும். பலகைத் தடுப்போ, மரம் கரிந்து துளைபடுவதற்கு வெகு முன்பே, பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியாகத் தீயை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடும். இரண்டு உரிமையாளர்களின் கட்டடங்களுக்கு நடுவே பொதுவாக நிற்கும் சுவருக்குப் பொதுச்சுவர் என்று பெயர். பொதுச்சுவர் எல்லாமே தீத்தடுப்புச் சுவராக இருக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தத் தொடங்கியதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

அந்த வரலாறு 1666ஆம் ஆண்டு லண்டன் பெருந்தீயிலிருந்து தொடங்குகிறது. மறு ஆண்டே வந்த சட்டம், லண்டன் வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்ட வேண்டும் என்றது. 1707ஆம் ஆண்டுச் சட்டம், பொதுச்சுவரைக் கூரைக்கு மேல் பதினெட்டு அங்குலம் உயர்த்த வேண்டும் என்றது. இந்தப் பதினெட்டு அங்குலத்தின் நோக்கம் எளியது: கூரையில் பற்றிய தீ ஓட்டின் மேலாகவோ, ஓட்டைத் தாங்கும் சட்டங்களின் வழியாகவோ ஊர்ந்து அடுத்த கூரையை அடையாதபடி நடுவில் எரியாத ஒரு வரம்பு நிற்க வேண்டும். ஆங்கிலேய அதிகாரிகள் கடல் கடந்து வந்தபோது இந்த எண்ணமும் அவர்களோடு வந்தது. 1822ஆம் ஆண்டு நவம்பரில் சிங்கப்பூர் நகரக் குழுவுக்கு ராபிள்ஸ் எழுதிய அறிவுரைகளில், செங்கல்லும் ஓடும் கொண்ட வீடுகள் ஒரே வகையான முகப்போடு அமைய வேண்டும் என்பதும், ஒவ்வொரு வீட்டின் முன்னும் எந்நேரமும் திறந்திருக்கும் நிழல்நடை தொடர்ந்து ஓட வேண்டும் என்பதும் இருந்தன. மலேசியத் தமிழர் இன்று கக்கி லீமா என்று சொல்லும் ஐந்தடிப் பாதை இவ்வாறு பிறந்ததே.

அதே 1822இல் சிங்கப்பூரில் தீயால் நொடித்துப்போன வணிகர்களில் ஒரு தமிழர் இருந்தார் என்பது இங்கே குறிப்பிடத் தக்கது. 1819இல் பினாங்கிலிருந்து ராபிள்ஸுடன் சென்ற நாராயண பிள்ளை, அந்தத் தீவில் முதலாவதாகச் செங்கற்சூளை வைத்தவராகக் கருதப்படுகிறார். துணி வணிகத்தில் இறங்கிய அவருடைய கடை தீக்கு இரையாகி, அவரைக் கடனில் தள்ளியது. பிறருக்குச் செங்கல் சுட்டு விற்றவரின் சொந்தக் கடையைத் தீ விட்டுவைக்கவில்லை. அவர் முன்னின்று 1827இல் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் முதலில் மரமும் அத்தாப்பும் கொண்டதாகவே இருந்து, 1843இல்தான் செங்கல் கட்டடமாயிற்று. அத்தாப்பு என்பது நிப்பா என்னும் சதுப்புநிலப் பனையின் ஓலையை மடித்துக் கோத்து வேயும் கூரை. மழைக்கு நல்லது, வெயிலுக்குக் குளிர்ச்சி, விலையும் மலிவு, ஆனால் காய்ந்த பருவத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

ஈயத்தைத் தேடி உள்நாட்டில் எழுந்த ஊர்கள் எல்லாம் இந்த அத்தாப்பால் ஆனவை. கோலாலம்பூர் 1881ஆம் ஆண்டு ஜனவரியில் எரிந்தது; அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்து எஞ்சியதை அடித்துச் சென்றது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேய ஆட்சிப் பிரதிநிதியாக, பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹம் நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்டுமாறு கட்டளையிட, சீனத் தலைவர் யாப் ஆ லோய் அதற்கான சூளைகளை அமைத்தார். சூளைகள் இருந்த வட்டாரம் இன்றும் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரோடு, தமிழர் கடைகளின் இடமாக விளங்குகிறது. சில ஆண்டுகள் கழித்துச் சுவெட்டன்ஹம் பேராக்கின் ரெசிடெண்டாக வந்தார். அவர் அப்பதவியில் இருந்த காலத்தில், 1892இல், ஈப்போ எரிந்தது.

கிந்தா ஆற்றின் மேற்குக் கரையில், 1880களின் ஈய வேட்டையில் அவசர அவசரமாகப் பெருகிய ஈப்போ, அந்தத் தீயில் பாதிக்கு மேல் அழிந்தது. கோணல்மாணலான சந்துகள் இருந்த இடத்தில் நேர்த்தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக வரையப்பட்டன. பின்னர் ஹியூ லோ தெரு, பெல்பீல்டு தெரு, லீச் தெரு என்றெல்லாம் பெயர் பெற்று, இன்று சுல்தான் இஸ்கந்தர் சாலை, சுல்தான் யூசுப் சாலை, பண்டார் தீமா சாலை என்று வழங்கும் தெருக்களின் ஒழுங்கு அந்தச் சாம்பலின் மேல் வந்த ஒழுங்கே. ரயில் வந்து சேர்ந்ததும், இரண்டாவது ஈய வேட்டை தொடங்கியதும் ஊரின் செல்வத்தைப் பெருக்க, இன்று பழைய நகரில் நிற்கும் கடைவீடுகளில் பெரும்பாலானவை அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் கட்டப்பட்டன. தீ ஒருமுறை எரித்தால்தான் ஊர் செங்கல்லுக்கு மாறும் என்பது அக்காலத்து நகரங்களின் பொது அனுபவமாக இருந்தது; ஈப்போவும் அதற்கு விலக்காக அமையவில்லை.

கடைவீட்டின் அமைப்பில் பொதுச்சுவரே உயிர்நாடி. முகப்பு குறுகலாகவும் ஆழம் மிக நீண்டும் இருக்கும் இந்தக் கட்டடத்தில், மாடித் தரையைத் தாங்கும் உத்தரங்களும் கூரையைத் தாங்கும் மரங்களும் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்குக் குறுக்கே பாய்கின்றன. முன்சுவரும் பின்சுவரும் பெரும்பாலும் தம் எடையை மட்டுமே சுமக்கின்றன. ஆகவே பொதுச்சுவர் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது: கட்டடத்தின் பாரத்தைத் தாங்குகிறது, இரு உரிமையாளரின் நிலத்தைப் பிரிக்கிறது, தீயைத் தடுக்கிறது. நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட திறந்த முற்றமும் தீயணைப்புக்கு உதவுகிறது. புகையும் வெப்பமும் பக்கவாட்டில் பரவாமல் மேலே போக வழி கிடைக்கிறது. முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதை மட்டும் எல்லாச் சுவரையும் வளைவுகளால் திறந்துகொண்டு போகிறது. ஆனால் அங்கே எரிவதற்குப் பொருள் வைக்கக் கூடாது என்பதே விதி. மூட்டைகளையும் எரிவாயுத் தோம்புகளையும் அங்கே அடுக்கி வைக்கும் கடைக்காரர் நடைபாதையை மட்டும் அடைக்கவில்லை, சுவர் விட்டுக்கொடுத்த ஒரே இடத்தில் தீக்குப் பாலம் போடுகிறார்.

இந்தச் சுவரிலும் குறைகள் உண்டு. உத்தரத்தின் முனையைச் சுவருக்குள் பொந்து விட்டுச் செருகுவதே பழைய கொத்தர்களின் முறை. இரு பக்கத்து உத்தரங்களும் ஒரே மட்டத்தில் எதிரெதிரே செருகப்பட்ட இடத்தில், ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே எஞ்சுவது சில அங்குலச் செங்கல் மட்டுமே; சில இடங்களில் இரண்டு மர முனைகளும் ஒன்றையொன்று தொட்டே நிற்கும். அந்த முனை ஈரத்தில் உளுத்தோ கரையான் தின்றோ குழியானால், சுவர் வெளியே முழுமையாகத் தெரிந்தாலும் உள்ளே துளையாகிவிடுகிறது. கூரைக்கு மேல் நிற்கும் பகுதிக்கு வேறொரு பகை இருக்கிறது: பறவை போட்ட விதையிலிருந்து முளைத்த ஆலங்கன்று. சுண்ணச் சாந்தின் ஈரத்தில் வேர் பிடித்து, அது சுவரின் உச்சியை இரண்டாகப் பிளக்கும் காட்சியை ஈப்போ பழைய நகரின் கைவிடப்பட்ட கட்டடங்களில் இன்றும் காணலாம். வெளியிலிருந்து பார்க்கப் பசுமையாகத் தோன்றும் அந்தச் செடி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பு ஒருவர் செலவிட்டுக் கட்டிய தீத்தடுப்பைக் கலைத்துக்கொண்டிருக்கிறது.

இத்தனை செலவுக்கு நகரத்து உரிமையாளர் உடன்பட்டதற்குச் சட்டத்தின் கட்டாயம் மட்டும் காரணமாகாது. 1890களில் மலாய் மாநிலங்களில் ஊன்றிய டோரன்ஸ் முறை, அதாவது அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரே நில உரிமைக்கு முடிவான சான்று என்னும் முறை, ஒவ்வொரு கடைமனைக்கும் துல்லியமான எல்லையையும் தனிப்பட்டாவையும் தந்தது. மலேசியத் தமிழர் கிராண்ட் என்று வழங்கும் இந்தப் பட்டாவை அடமானமாகக் கொடுத்துக் கடன் வாங்கலாம். நாட்டுக்கோட்டை நகரத்தார் இந்நாட்டில் நடத்திய வட்டித்தொழில் பெரிதும் இத்தகைய ஈட்டின் மேல் நடந்தது. கடன் கொடுப்பவருக்கு அத்தாப்புக் குடிசை ஈடாகாது, ஓர் இரவில் அது இல்லாமல் போகலாம். பக்கத்து வீட்டுத் தீ தாண்டாத செங்கல் கடைவீடு ஈடாகும். எல்லைக்கோட்டின் மேல் எழுந்த சுவர் இவ்வாறு கடனுக்கும் காப்பீட்டுக்கும் அடிப்படையாயிற்று. எங்கே நிலம் பிரிந்து பல பெயர்களில் பதிவாயிற்றோ அங்கே சுவர் கூரையைத் தாண்டி எழுந்தது.

தோட்டத்தில் நிலம் பிரியவில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே பெயரில், பெரும்பாலும் லண்டனில் பதிவான ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தது. 1877இல் பேராக்கின் அன்றைய ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரெசிடெண்ட் மாளிகைத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்ட பிறகு முப்பது ஆண்டுக்குள், சுங்கை சிப்புட்டிலிருந்து தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வரை பால்மரக் காடுகள் பரவின. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வழியாக வந்த குடும்பங்கள் அவற்றின் லயங்களில் குடியேறின. பத்தடிக்குப் பத்தடியோ பன்னிரண்டடியோ கொண்ட அறைகள், ஒரே நீளக் கூரையின் கீழ், பத்து இருபது என்று வரிசையாக. பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை வரிசையாக. தரையை உயர்த்திக் கம்பங்களின் மேல் நிறுத்திய லயங்களில், வீட்டுக்கு அடியிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். விறகு தோட்டத்துக் காய்ந்த பால்மரக் கிளை. விளக்கு மண்ணெண்ணெய்ச் சிம்னி.

அறைகளைப் பிரித்த பலகைத் தடுப்பு கூரை வரை செல்லாததற்குக் காற்றோட்டத்தைக் காரணம் காட்டலாம், மரச் செலவு மிச்சமானதையும் மறுக்க முடியாது. பக்கத்து வீட்டின் இருமல், குழந்தையின் அழுகை, புருஷன் பெண்டாட்டிச் சண்டை எல்லாம் லயம் முழுவதற்கும் பொது என்பதைத் தோட்டப்புற வாழ்வைப் பேசும் எவரும் சொல்லுவர். ஒலி தாண்டிய அதே இடைவெளியைத் தீயும் தாண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். அத்தாப்புக் கூரை போய்த் தகரக் கூரை வந்த பிறகும் ஆபத்து நீங்கவில்லை. தகரம் எரியாது என்பது உண்மை. ஆனால் கீழே பற்றிய தீயின் சூடான புகை தகரத்தைத் துளைத்து வெளியேற முடியாமல், முகட்டின் அடியில் திரண்டு இரு பக்கமும் ஓடி, நான்கைந்து வீடு தள்ளித் தொங்கும் துணியையும் காய்ந்த கைமரத்தையும் பற்றவைக்கும். இதைத் தடுக்க வேண்டியது சில வீடுகளுக்கு ஒருமுறையாவது தரையிலிருந்து தகரம் வரை எழும் ஒரு செங்கல் சுவர் மட்டுமே.

அப்படிக் கட்டத் தெரியாதவர்களாகத் தோட்டத்து நிர்வாகம் இருக்கவில்லை. புகைக்கூடம் அதற்குச் சான்று. கித்தாப் பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கி, சில நாள் விறகுப் புகையில் தொங்கவிட்டு உலர்த்தும் அந்தக் கட்டடத்தில் வெப்பத்தை ஏறத்தாழ 50 முதல் 60 பாகை வரை வைத்திருக்க வேண்டும். ஒரு தகடு நழுவி அடுப்பின் மேல் விழுந்தால் கூடமே போய்விடும். ஆகவே அடுப்பைக் கூடத்தின் சரக்கிலிருந்து பிரிப்பதிலும், மேலே கம்பிவலை போடுவதிலும், கூடத்தை மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளி வைப்பதிலும் கவனம் செலுத்தினார்கள். விற்பனைக்குப் போகும் தகட்டுக்குக் கிடைத்த அந்தக் கவனம், அதை இழைத்தவர் உறங்கும் லயத்துக்குக் கிடைக்கவில்லை.

பத்து காஜாவுக்கு அருகில் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை நடத்திய வில்லியம் கெல்லி ஸ்மித்தின் மாளிகை இதைக் கண்ணுக்கு முன் நிறுத்துகிறது. 1915 வாக்கில் தொடங்கிய அந்தக் கட்டடத்துக்கு மதராஸிலிருந்து எழுபது கைவினைஞர்களும், இந்தியாவிலிருந்து செங்கல்லும் ஓடும் தருவிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. நோயில் தொழிலாளர் பலர் மடிந்த பிறகு அவர்களுக்காக அருகில் மாரியம்மன் கோயில் ஒன்றும் எழுந்தது; அதன் கூரைச் சிற்பங்களுக்கு நடுவே துரையின் உருவமும் இருக்கிறது. 1926இல் ஸ்மித் லிஸ்பனில் இறந்ததால் முடிவடையாமல் நின்றுபோன மாளிகையின் செங்கற்சுவர்கள் நூறாண்டு கழித்தும் சுற்றுலாப் பயணிகளை ஈர்த்து நிற்கின்றன. அக்காலத்துப் பலகை லயங்களோ பெரும்பாலும் சுவடில்லாமல் போயின. கொத்தரும் செங்கல்லும் தோட்டத்து எல்லைக்குள் வந்தே இருந்தன, லயத்துக்குத்தான் வரவில்லை.

சட்டத்தின் பார்வையிலும் இதே பிளவு இருந்தது. நகரக் கட்டடங்கள் சுகாதார வாரியத்தின் கீழ் வந்தன. லயங்கள் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்தன. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி லயங்களைப் பார்வையிட்ட அதிகாரிகள் தளத்தின் பரப்பையும், குடிநீரையும், சாக்கடையையும், கழிப்பிடத்தையும் கணக்கிட்டார்கள். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொன்று குவித்த காலத்தில் அது இயல்பே, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் 1894ஆம் ஆண்டு லண்டன் கட்டடச் சட்டம் பொதுச்சுவருக்குத் தந்த வரையறை, வெவ்வேறு உரிமையாளரின் கட்டடங்களைப் பிரிக்கும் சுவர் என்பதோடு நின்றுவிடாமல், வெவ்வேறு குடியிருப்போரைப் பிரிக்கும் சுவரையும் சேர்த்தே சொன்னது. அந்த அளவுகோலை வைத்தால் லயத்தின் ஒவ்வொரு தடுப்பும் பொதுச்சுவர்தான். லண்டனில் பதிவான கம்பெனிகள் லண்டனின் அளவுகோலைத் தங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவரவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரட்டை வீடுகளும் சிமெண்டுக் கல் சுவர்களும் மெல்ல வந்தன. தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்துக்கென 1966இல் தனிச்சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990இல் வந்த 446ஆம் எண் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு இன்றும் நடப்பில் உள்ளது. ஆனால் இந்தச் சட்டங்கள் வரும் வேளையில் தோட்டங்களே கலையத் தொடங்கிவிட்டன. 1950களில் துரைகள் விற்றுச் சென்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் வெளியேறியதைப் பேராசிரியர் உங்கு அசீஸ் தலைமையில் நடந்த ஆய்வு பதிவு செய்தது. அதைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டின் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பரின் இடத்தைச் செம்பனையும், செம்பனையின் இடத்தை வீடமைப்புத் திட்டங்களும் பிடிக்க, லயத்துப் பிள்ளைகள் புறம்போக்குப் பலகை வீடுகளுக்கும், பிறகு தாமான்கள் என்னும் வீடமைப்புப் பகுதிகளின் வரிசை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வீடு என்பது நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்த குடும்பங்களுக்கு, முதன்முதலாகத் தங்கள் பெயரில் ஒரு கிராண்டும், அண்டை வீட்டோடு பகிரும் ஒரு சுவரும் கிடைத்தன.

அந்தச் சுவருக்கு இன்று பொருந்தும் விதிகள் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வந்த 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைவிதிகளில் உள்ளன. அவற்றின் 86ஆவது விதி, பொதுச்சுவர் பொதுவாக 200 மில்லிமீட்டர் பருமனுள்ள கட்டுச்சுவராகவோ கான்கிரீட்டாகவோ இருக்க வேண்டும் என்கிறது. கான்கிரீட் சட்டகம் கொண்ட வரிசை வீடுகளில் 100 மில்லிமீட்டர் போதும் என்று தளர்த்துகிறது. இரண்டிலுமே சுவர் கூரையின் மேற்பரப்பைத் தாண்டி 230 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உயர வேண்டும் என்கிறது. லண்டனின் பதினெட்டு அங்குலம் ஈப்போவில் ஒன்பது அங்குலமாகியிருக்கிறது, நோக்கம் மாறவில்லை. இரு கட்டடங்களைப் பிரிக்கும் சுவரில் குழாய் செல்லும் துளையையும், சுவருக்கு ஈடாகத் தீயைத் தாங்கும் கதவையும் தவிர வேறு திறப்பு கூடாது என்பது மற்றொரு விதி.

விதி வருவதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளே இன்றைய சிக்கல். துணைவிதிகள் பொதுவாகப் புதிதாகக் கட்டுவதையும் மாற்றிக் கட்டுவதையும் ஆள்கின்றன. 1960களிலோ 70களிலோ எழுந்த ஒரு வரிசை வீட்டின் சுவரை இடித்துக் கட்டுமாறு அவை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அக்காலத்து மலிவு வீடுகள் சிலவற்றில் பொதுச்சுவர் சீலிங்குக்குச் சற்று மேலே சென்றதும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வரிசை முழுவதும் ஒரே கூரை வெளி. திருடன் கடைசி வீட்டின் சீலிங்கில் ஏறி நான்காவது வீட்டில் இறங்கினான் என்ற பேச்சு பழைய தாமான்களில் அடிக்கடி கேட்கக் கூடியது. வீட்டுக்காரர் அதைத் திருட்டுச் செய்தியாக மட்டும் கேட்கிறார்; உண்மையில் அது சுவர் முழுமையாக இல்லை என்பதற்கான சாட்சியம். லயத்தை விட்டு வெளியேறியவர்கள் சிமெண்டுச் சுவருக்குள் வந்த பிறகும், அவர்கள் தலைக்கு மேல் லயத்தின் கூரை தொடர்ந்துகொண்டே இருந்தது.

நகரத்துக் கடைவீடுகளுக்கு நேர்ந்தது வேறு. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தாழ்த்தியே வைத்திருந்தது. வரும்படி இல்லாத கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளர் முன்வரவில்லை, ஆனால் இடிக்கவும் இயலவில்லை. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு இடைக்காலச் சலுகையும் முடிந்ததும், கட்டடங்கள் கைமாறின. இரண்டு மூன்று மனைகளைச் சேர்த்து வாங்கியவர்கள் உணவகமாகவோ விடுதியாகவோ ஆக்கும்போது முதலில் செய்தது நடுச்சுவரில் வாசல் திறப்பதுதான். நூறாண்டு தீயைத் தடுத்த சுவர், இரு மனையும் ஒருவருக்கே சொந்தமான அன்றே தேவையற்றதாகத் தோன்றத் தொடங்கியது. உரிமை ஒன்றானதும் சுவர் திறந்தது என்பது, லயத்தில் சுவர் எழாமல் போன அதே காரணத்தின் மறுபக்கம். வாடகைக்கு மேல்மாடியில் படுத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பழைய வீட்டை வாங்க எண்ணும் ஒருவர் முகப்பையும் தரை ஓட்டையும் பார்ப்பதற்கு முன் சீலிங்கின் திறப்பு மூடியை நீக்கி, கைவிளக்கோடு பொதுச்சுவரை உச்சி வரை பார்க்க வேண்டும். சுவர் ஓட்டைத் தொடுகிறதா, தொடும் இடத்தில் சாந்து நிறைந்துள்ளதா, மின்கம்பி செல்லும் துளைகள் அடைக்கப்பட்டுள்ளனவா, மரச்சட்டம் சுவரைக் கடந்து அடுத்த வீட்டுக்குள் போகிறதா என்பவற்றை அங்கேதான் அறிய முடியும். பின்கட்டைச் சந்து வரை நீட்டியிருந்தால் அந்த நீட்டிப்பின் பக்கச்சுவரும் பொதுச்சுவர் என்பதால், அதற்கும் அங்கீகாரம் பெற்ற வரைபடம் உண்டா என்று கேட்டுப் பெற வேண்டும். வாசல் திறப்பதும் கட்டடத்தை நீட்டுவதும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70ஆவது பிரிவின்படி ஊராட்சி மன்றத்தின், ஈப்போவில் மாநகர் மன்றத்தின், முன் அனுமதிக்கு உட்பட்டவை, முன்னவர் செய்த மீறலுக்கான அறிவிப்பும் அப்போதைய உரிமையாளரின் கைக்கே வந்து சேரும். சுவர் பாதியில் நின்றிருந்தால் மிச்ச உயரத்தை இலேசான கட்டுக்கல்லாலோ தீ தாங்கும் பலகையாலோ நிரப்புவதற்கு ஆகும் செலவு, ஒரு கார்க் கொட்டகை போடும் செலவை மிஞ்சாது. ஆனால் அது இரு வீட்டாரின் சுவர் என்பதால் அண்டை வீட்டாரின் சம்மதமும், பாரம் தாங்குமா என்பதற்குப் பொறியாளரின் சொல்லும் தேவை.

தோட்ட நிலத்தில் எஞ்சியுள்ள லயங்களைக் குடியிருப்போருக்கே பிரித்துக் கொடுக்கும் பேச்சு எழும் இடங்களில், நில அளவையாளர் எல்லைக்கல் நடுவதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. கிராண்ட் கொடுப்பதற்கு முன்பே, அளவையாளர் வரைந்த ஒவ்வொரு கோட்டின் மேலும் தரை முதல் கூரைக்கு மேல் வரை ஒரு சுவரை எழுப்பித் தருவது விற்பவரின் செலவாக ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். வாங்கிய பின் ஆளுக்கு ஆள் தனித்தனியே கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டால், வரிசையில் வசதியில்லாத ஒரு வீட்டில் சுவர் எழாமல் போகும். அந்த ஓர் இடைவெளி மற்றச் சுவர்களின் பயனையும் கெடுத்துவிடும்.